வன்னிக்குப் புதிதாக வந்தவருக்கு ஒரு வருடத்துக் கலண்டர்

கிளிநொச்சிக்கு மாற்றலாகி வந்த முதல் வருடம். வைகாசியில் ஒரு திங்கட்கிழமை காலை எட்டரைக்குக் கந்தோருக்குப் போனால், பத்துப் பேர் இருக்க வேண்டிய இடத்தில் மூன்றே மூன்று பேர். அதில் ஒருவர் காவலாளி ஐயா. சுவர்க் கலண்டரைப் பார்த்தேன். திகதி கறுப்பு எழுத்தில்தான் இருந்தது, விடுமுறை இல்லை. "எல்லாரும் எங்கே ஐயா?" என்று கேட்டேன். "இண்டைக்கு வட்டாப்பளைப் பொங்கலெல்லே தம்பி" என்றார், இதுகூடத் தெரியாமல் ஒருத்தன் இருப்பானா என்ற முகத்தோடு. மத்தியானம் நான் வழக்கமாகச் சாப்பிடுகிற கடையும் பூட்டு. பின்னேரம் நானும் பஸ் ஏறினேன். அந்தக் கதை பிறகு.

அன்றைக்குத்தான் விளங்கியது, இங்கே கலண்டர் மூன்று என்று. ஒன்று அரசாங்கத்துடையது. மற்றது பஞ்சாங்கம். மூன்றாவது அச்சில் வராது. ஊர்க்கோயில் பொங்கல், விதைப்பு, வெட்டு, இறந்தவர்களை நினைக்கிற நாட்கள் எல்லாம் அந்த மூன்றாவதில்தான் இருக்கின்றன. ஆசிரியராகவோ தாதியாகவோ வங்கி ஊழியராகவோ வந்தவர்களும், வெளிநாட்டிலிருந்து பல வருடம் கழித்துத் திரும்பியவர்களும் இதைப் பிடித்துக்கொள்ள ஒரு முழு வருடம் எடுக்கும். அதைக் கொஞ்சம் சுருக்கலாம் என்றுதான் எழுதுகிறேன். வன்னி என்று நான் சொல்வது கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களையும் மன்னாரின் பெருநிலப் பக்கத்தையும்.

முதல் வேலை: கிழிக்கிற கலண்டர் ஒன்று

டிசம்பர் கடைசியில் பலசரக்குக் கடை, நகைக்கடை, வங்கி எல்லாம் கலண்டர் கொடுக்கும். பெரிய படம் போட்டதை வரவேற்பறைக்கு விட்டுவிட்டு, தினமும் தாள் கிழிக்கிற கலண்டர் ஒன்றைச் சமையலறைப் பக்கம் மாட்டுங்கள். திதி, நட்சத்திரம், விரதம், இராகுகாலம் எல்லாம் அதில்தான் இருக்கும்.

இலங்கையில் விடுமுறை மூன்று வகை: அரச விடுமுறை, வங்கி விடுமுறை, வர்த்தக விடுமுறை. தைப்பொங்கலும் சித்திரைப் புத்தாண்டும் வெசாக்கும் நத்தாரும் மூன்றுக்கும் பொது. சிவராத்திரி, பெரிய வெள்ளி, தீபாவளி ஆகியவை அரச, வங்கி விடுமுறைகள் மட்டுமே. தனியார் கடையிலோ கம்பனியிலோ வேலை செய்பவருக்கு அன்று லீவு கிடைப்பது முதலாளியின் மனதைப் பொறுத்தது. (தீபாவளியன்று வேலைக்கு வா என்று வன்னியில் எந்த முதலாளியும் கேட்டதாக நான் கேள்விப்படவில்லை.) ஜனவரி 1 விடுமுறையே இல்லை என்பது வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு எப்போதும் ஆச்சரியம். அன்று அரச கந்தோர்களில் கொடியேற்றி, சத்தியப்பிரமாணம் எடுத்து, வேலையைத் தொடங்குவார்கள்.

பிறகு போயா. ஒவ்வொரு பௌர்ணமியும் நாடு முழுவதற்கும் விடுமுறை. துருத்துவில் தொடங்கி உந்துவப்பில் முடிகிற பன்னிரண்டு பெயரையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. அன்று வங்கி இல்லை, பிரதேச செயலகம் இல்லை, மதுக்கடையும் இறைச்சிக்கடையும் பூட்டு என்று தெரிந்தால் போதும். போயா வெள்ளிக்கிழமையில் விழுந்தால் மூன்று நாள் வங்கி இல்லை, காசு எடுக்கிற இயந்திரமும் சனிக்கிழமை பின்னேரத்துக்குள் வெறுமையாகிவிடும். எனவே வியாழக்கிழமையே எடுத்துவிடுங்கள். வீட்டு வாடகையைப் போயாவுக்கு முதல்நாள் கொடுப்பது என்று நான் வைத்துக்கொண்டதற்கு இதுதான் காரணம்.

இரண்டாவது, பஞ்சாங்கம். வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு கணக்கு உண்டு. புதுவருடம் பிறக்கிற நேரம் இரண்டிலும் வேறு வேறாக வரும். சில வருடங்களில் ஒரு விரதம் இரண்டு கோயில்களில் இரண்டு நாட்களில் நடக்கும். எது சரி என்று வாதாடப் போகாதீர்கள். உங்கள் அயலில் உள்ள கோயில் எந்தப் பஞ்சாங்கம் பார்க்கிறது என்று ஐயரிடம் ஒருமுறை கேட்டு வைத்துக்கொண்டால் போதும்.

மூன்றாவது கலண்டருக்கு ஆட்கள்தான் வேண்டும். எனக்கு இருந்தவர்கள் இரண்டு பேர்: நான் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மாவும், சந்தியில் நிற்கிற ஓட்டோ அண்ணை ஒருவரும். அம்மாவின் அடுப்பைப் பார்த்தாலே பாதி தெரியும். ஒரு கிழமையாக மச்சம் (மீன், இறைச்சி) சமைக்கவில்லை என்றால் ஏதோ கோயிலில் கொடியேறியிருக்கிறது. ஓட்டோ அண்ணைக்கு எந்த வீதியில் எப்போது சனம் நிற்கும் என்பது அத்துப்படி.

தை: பானை, பட்டி, புதிர்

தைப்பொங்கல் ஜனவரி 14 அல்லது 15இல் வரும். இங்கே பொங்கல் வீட்டுக்குள் நடப்பதில்லை, முற்றத்தில்தான். முதல்நாளே முற்றத்தைக் கூட்டி, சாணம் தெளித்து வைத்துவிடுவார்கள். விடிய நாலு மணிக்கு எழும்பி, கோலம் போட்டு, மூன்று கல் வைத்து, கழுத்தில் மஞ்சளும் இஞ்சியும் இலையோடு கட்டிய புதுப்பானையை ஏற்றுவார்கள். பாலும் தண்ணீரும் நுரைத்துப் பொங்கும்போது பிள்ளைகள் வெடி கொளுத்துவார்கள். கிளிநொச்சியில் அந்த நேரம் ஒரு வீட்டில் தொடங்கினால் ஊர் முழுக்க ஒரே சத்தம்தான், நாய்கள் எங்கே ஓடுவது என்று தெரியாமல் கட்டிலுக்குக் கீழே பூரும். பானை எந்தப் பக்கம் வழிகிறது என்று பார்ப்பதில் பெரியவர்களுக்கு ஒரு கண். எங்கள் வீட்டுக்கார அம்மா பானைக்கு நேரே குந்தியிருந்து, விறகை ஒரு பக்கம் கொஞ்சம் தள்ளிவைத்து, கிழக்குப் பக்கம் வழிய வைத்துவிட்டு, "பாத்தியோ, தானா வழியுது" என்றார்.

பொங்கலைப் பலரும் இங்கே புக்கை என்பார்கள். சர்க்கரைப் புக்கை ஒரு வாழையிலைத் துண்டில் உங்களுக்கும் வரும், நாலைந்து வீட்டிலிருந்து வரும். பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது வெறுமையாகக் கொடுக்காதீர்கள். இரண்டு வாழைப்பழமாவது வைத்துக் கொடுங்கள்.

அடுத்தநாள் பட்டிப்பொங்கல். கலண்டரில் அது விடுமுறை இல்லை. ஆனால் மாட்டுப் பட்டி உள்ள ஊர்களில் அதுதான் பெரிய நாள். மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு நிறம் பூசி, மாலை போட்டு, பட்டி வாசலிலேயே பொங்குவார்கள். அன்று பால்காரர் நேரத்துக்கு வரவில்லை என்று கோபிக்க வேண்டாம்.

தைப்பூசத்தில் புதிர் எடுப்பார்கள். காலபோக நெல்லின் முதல் கதிரைக் கொண்டுவந்து, குத்தி, அந்தப் புது அரிசியைப் படைத்துச் சாப்பிடுகிற நாள். காலபோகம் என்பது மழையோடு ஒக்டோபர் அளவில் விதைத்து, தையிலிருந்து பங்குனிக்குள் வெட்டுகிற பெரும் போகம். வெட்டு நடக்கிற நாட்களில் வீதியோரம் முழுக்க நெல் காயும். பரந்தன் பக்கம் இரவில் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் கவனம். நெல்லுக்கு அடையாளமாக வைத்த கல்லும் மரக்குற்றியும் இருட்டில் தெரியாது.

பெப்ரவரி 4 சுதந்திர தினம். கந்தோர் ஆட்கள் கொடியேற்றத்துக்குப் போக வேண்டி வரும். அதே நாளில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் கறுப்புக்கொடியோடு நிற்பதையும் பார்ப்பீர்கள். கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20இல் அந்தத் தாய்மார் தொடங்கிய போராட்டம் வருடக்கணக்காக நீண்டது. கலண்டரில் சிவப்பாக இருக்கிற நாள் எல்லாருக்கும் ஒரே மாதிரி நாள் இல்லை என்பதை வந்த புதிதில் தெரிந்துகொள்வது நல்லது.

மாசியில் சிவராத்திரி. வன்னியில் இருந்துகொண்டு அன்று திருக்கேதீச்சரம் போகாமல் இருக்காதீர்கள். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம். பாலாவியில் முழுகி, அந்தத் தண்ணீரைக் குடத்தில் எடுத்துக்கொண்டு போய், உங்கள் கையாலேயே மகாலிங்கத்துக்கு ஊற்றலாம். வரிசை நீளம், ஆனால் நகரும். கிளிநொச்சியிலிருந்து போவதானால் பூநகரி வழியாக ஏ-32 வீதியைப் பிடியுங்கள். வழியில் கடை குறைவு, தண்ணீரும் கொறிக்க ஏதாவதும் கொண்டுபோங்கள். ஊரில் தங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: கண்விழிக்கிற பொடியள் அன்றிரவு படலையைக் கழற்றி அடுத்த ஒழுங்கையில் சாத்திவிட்டுப் போவதும், இளநீர் பிடுங்குவதும் பழைய வழக்கம். விடியப் போய்த் தேடி எடுத்துக்கொள்ளுங்கள், பொலிசுக்குப் போகாதீர்கள்.

பங்குனி, சித்திரை

பங்குனி உத்தரத்துக்குக் கண்டாவளைப் பக்கம் புளியம்பொக்கணை நாகதம்பிரான் கோயிலில் பொங்கல். வயலும் காடும் உள்ள ஊரில் பாம்புப் பயம் சும்மா வார்த்தை இல்லை. வெட்டு முடிந்த கையோடு, பாம்பு தீண்டாமல் காப்பாற்றினாய் என்று பொங்கிக் கொடுக்கிற நேர்த்திகள் ஆயிரக்கணக்கில். இந்தக் கோயில்களில் பொங்கற் பானையை வளந்து என்பார்கள். படையல் பொருட்களை ஊர்வலமாகக் கொண்டுவருவது மடைப்பண்டம் எடுத்தல். இந்த இரண்டு சொல்லும் தெரிந்தால் பாதிப் பேச்சு விளங்கும்.

சித்திரைப் புத்தாண்டு ஏப்ரல் 13, 14. இதற்குச் செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன், ஏனென்றால் முதல் வருடம் நான் எல்லாவற்றையும் பிந்தித்தான் செய்தேன்.

ஊருக்குப் போகிறவர் என்றால் ரயில் ஆசனத்தை மாதத் தொடக்கத்துக்கு முன்பே பதிந்துவிடுங்கள். யாழ்தேவி 2013 செப்டெம்பரில் மறுபடி கிளிநொச்சிக்கு வந்ததிலிருந்து அதுதான் எல்லாரும் தேடுகிற வண்டி. பிந்தினால் ஏ-9இல் நின்றுகொண்டே பஸ்ஸில் போக வேண்டும். ஒருமுறை தனியார் பஸ் ஒன்றில் வவுனியாவரை ஒற்றைக் காலில் போயிருக்கிறேன், மற்றக் காலை வைக்க இடமில்லை.

இங்கேயே நிற்கிறவர் என்றால் முதல்நாள் பின்னேரம் சின்னப் போத்தல் ஒன்றோடு கோயிலுக்குப் போய் மருத்துநீர் வாங்குங்கள். தாழம்பூ, தாமரை, துளசி, வில்வம், அறுகு, மஞ்சள், மிளகு என்று பலதும் போட்டுக் காய்ச்சியது. வருடம் பிறக்கிற புண்ணிய காலத்தில் அதைத் தேய்த்து முழுக வேண்டும். தலைக்கு எந்த இலை, காலுக்கு எந்த இலை, எந்த நிற உடுப்பு என்பதைப் பஞ்சாங்கம் சொல்லும். துணிக்கடைக்காரருக்கு அது முன்பே தெரியும், எனவே அந்த நிறத்தில் சட்டை 10ஆம் திகதிக்குப் பிறகு கிடைக்காது. முழுகிப் பொங்கிக் கோயிலுக்குப் போய்வந்த பிறகு கைவிசேஷம். பெரியவர்கள் வெற்றிலையில் காசு வைத்துத் தருவார்கள். உங்களுக்குக் கீழே வேலை செய்கிறவர்களுக்கும், வீட்டுப் பிள்ளைகளுக்கும் நீங்கள் கொடுக்க வேண்டும். தொகை பெரிதில்லை, புதுத்தாளாக இருப்பதுதான் முக்கியம். புதுத்தாளுக்கு வங்கியில் ஏப்ரல் தொடக்கத்திலேயே சொல்லி வையுங்கள்.

பயற்றம் பணியாரம், அரியதரம், முறுக்கு, சிப்பி எல்லாம் வீடு வீடாக வரும். பின்னேரங்களில் போர்த்தேங்காய் அடிப்பதும், அந்த நாட்களையொட்டி மாட்டுவண்டிச் சவாரியும் நடக்கும். சவாரி பார்க்கப் போனால் திடலின் ஓரத்தில், மரம் ஏதாவது உள்ள இடமாகப் பார்த்து நில்லுங்கள். மாடு கோட்டுக்குள்தான் ஓடும் என்று நம்ப வேண்டாம்.

சித்திராப் பௌர்ணமி தாயை இழந்தவர்கள் விரதம் இருக்கிற நாள். கோயில்களில் சித்திரபுத்திரனார் கதை படித்துக் கஞ்சி ஊற்றுவார்கள்.

வைகாசி: கஞ்சியும் கடல்நீர் விளக்கும்

மே மாதத்தில் வெயில் மண்டையைப் பிளக்கும், சில இடங்களில் கிணறு அடியைத் தொடும். இந்த மாதத்தைத்தான் புதியவர்கள் அதிகம் தவறாக வாசிக்கிறார்கள்.

மே 12 அளவிலிருந்து 18 வரை சந்திகளிலும் கோயிலடிகளிலும் கஞ்சி ஊற்றுவதைப் பார்ப்பீர்கள். 2009இல் போரின் கடைசி நாட்களில் முள்ளிவாய்க்காலில் சனம் உயிர் பிழைத்திருக்கக் குடித்த, அரிசியும் உப்பும் தண்ணீருமான கஞ்சி அது. பல இடங்களில் சிரட்டையில்தான் தருவார்கள். யாராவது நீட்டினால் வாங்கிக் குடியுங்கள். சீனி இருக்கிறதா, பால் இருக்கிறதா என்று கேட்காதீர்கள். நான் ஒருவர் கேட்டதைப் பார்த்திருக்கிறேன். மே 18 முள்ளிவாய்க்காலில் நினைவேந்தல். அரசாங்கக் கலண்டரில் அப்படி ஒரு நாளே இல்லை. ஆனால் அந்தக் கிழமையில் பிறந்தநாள் விருந்து, கந்தோர் ஒன்றுகூடல், சத்தமான பாட்டு எதுவும் வைக்காதீர்கள். உங்களோடு வேலை செய்கிறவர்களில் யார் யாரை அங்கே விட்டுவிட்டு வந்தார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. அவர்களாகச் சொன்னால் கேளுங்கள். அழுகிறவர்களைப் போனில் படம் எடுக்க வேண்டாம்.

வெசாக்கும் இதே மாதத்தில்தான். வவுனியாப் பக்கமும் ஏ-9 வழியேயும் வெளிச்சக்கூடுகளும், இலவசமாகச் சாப்பாடு கொடுக்கிற தன்சல்களும் இருக்கும். இரண்டு நாள் விடுமுறை.

இனி வட்டாப்பளை. நந்திக்கடல் ஓரத்தில் உள்ள கண்ணகை அம்மன் கோயில். மதுரையை எரித்த கண்ணகி கோபம் ஆறாமல் இலங்கைக்கு வந்து, கடைசியாகத் தங்கிய இடங்களில் இதுவும் ஒன்று என்பது ஊர்க்கதை. மாடு மேய்த்த சிறுவர்களிடம் கிழவி வேடத்தில் வந்து பசிக்கிறது என்றாளாம். அவர்கள் பொங்கிக் கொடுத்தார்கள். இருட்டியதும் விளக்குக்கு எண்ணெய் இல்லை என்றார்கள். கடல்நீரை ஊற்றி ஏற்றுங்கள் என்றாள், எரிந்தது. தலையில் பேன் பார்க்கச் சொல்லி, பார்த்தால் தலையெல்லாம் ஆயிரம் கண்.

அந்த விளக்கு இன்றைக்கும் எரிகிறது. பொங்கல் ஒரே நாள் விடயமில்லை. முதலில் பாக்குத் தெண்டல் என்கிற தொடக்கச் சடங்கு. பிறகு சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலுக்குக் கொண்டுவந்து, அந்த உப்புநீரில் விளக்கேற்றி ஒரு கிழமை எரிப்பார்கள். காட்டா விநாயகரில் பொங்கல் முடிந்து, அடுத்தநாள் திங்கட்கிழமை மடைப்பண்டத்தோடு எல்லாம் வட்டாப்பளைக்குப் போகும். இரவு முழுக்கப் பொங்கல். அந்தத் திங்கள் வைகாசிப் பௌர்ணமியை ஒட்டி வரும், எனவே மே கடைசியாகவும் இருக்கலாம், ஜூன் நடுப்பகுதியாகவும் இருக்கலாம். திகதியை ஊரில் கேளுங்கள்.

முதல் வருடம் நான் போனது ஒன்றும் தெரியாமல். காற்சட்டையும் சப்பாத்துமாகப் பஸ் ஏறினேன். பரந்தனிலிருந்து ஏ-35 வழியே விசுவமடு, புதுக்குடியிருப்பு தாண்டும்போதே வீதியில் நடந்து போகிறவர்களின் வரிசை தொடங்கிவிட்டது. இறங்கியதும் சப்பாத்தை எங்கே கழற்றுவது என்று தெரியவில்லை. கழற்றி வைத்த இடத்தை விடியும்வரை தேடி, கடைசியில் வெறுங்காலோடு கிளிநொச்சிக்கு வந்தேன். நடுச்சாமம் தாண்டி, கரியும் புகையும் கண்ணை எரிக்க, பக்கத்தில் அடுப்பு மூட்டியிருந்த ஓர் அம்மா, "தம்பி, சும்மா நிக்கிறீர், இந்த விறகைத் தள்ளும்" என்றார். அவர் மகன் பிழைத்ததற்கு நேர்ந்த பொங்கல். என்ன ஆபத்தில் பிழைத்தான் என்று அவர் சொல்லவில்லை, நான் கேட்கவுமில்லை. விடியப் புக்கை தந்தார், அடிப்பிடித்த வாசத்தோடு.

ஆக, நீங்கள் போகும்போது: ஆண்கள் வேட்டி, பெண்கள் சேலை அல்லது பஞ்சாபி. பழைய செருப்பு. அந்தக் கிழமையிலாவது மச்சம் விட்டுவிடுங்கள். திங்கள் பின்னேரம் விசேட பஸ் நிறைய ஓடும். திரும்பி வருவதுதான் கஷ்டம், செவ்வாய் விடியும்வரை பொறுத்து வந்தால் இடம் கிடைக்கும். வவுனியாவிலிருந்து வருகிறவர்களுக்கு மாங்குளத்தில் திரும்பி ஏ-34இல் ஒட்டுசுட்டான், முள்ளியவளை வழி. தூக்குக்காவடி வரும்போது வீதி ஓரத்துக்கு ஒதுங்குங்கள். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதிக் கோயிலிலிருந்து கதிர்காமத்துக்கு நடந்து போகிற அடியார்களும் இந்தப் பொங்கலில் நின்றுவிட்டுத்தான் தெற்கே போவார்கள். அவர்களுக்கு ஒரு நேரச் சாப்பாடு கொடுப்பதை இங்கே பெரும் புண்ணியமாக நினைக்கிறார்கள். கந்தோர் பொறுப்பில் இருந்தால் அந்தத் திங்களும் செவ்வாயும் கூட்டம் எதுவும் வைக்காதீர்கள், ஆள் வராது.

புளியங்குளத்துக்குக் கிட்ட உள்ள புதூர் நாகதம்பிரான் கோயில் பொங்கலும் இதே பருவத்தில்தான். அதற்கும் இதே ஆயத்தம்.

ஆடி, ஆவணி

ஜூலை நடுவில் ஆடிப்பிறப்பு. லீவு இல்லை, கூழ் உண்டு. வறுத்த பயறு, அரிசி மா, தேங்காய்ப்பால், பனங்கட்டி, தேங்காய்ச் சொட்டு போட்டுக் காய்ச்சுகிற கூழும் கொழுக்கட்டையும். பலாவிலையை மடித்துக் கோலிக் குடித்துப் பாருங்கள், கரண்டியில் அந்த ருசி வராது. ஆடி அமாவாசை தந்தையை இழந்தவர்களுக்கு. அன்று சந்தையில் காத்தோட்டிக்காய் என்ற கசப்புக் காயைத் தேடித் திரிகிறவர்களைப் பார்ப்பீர்கள். வருடத்தில் அந்த ஒரு நாளைக்கு அதற்குத் தங்க விலை.

ஓகஸ்டில் வெளிநாட்டுச் சனம் வந்திறங்கும். நல்லூர்க் கொடியேறி 25 நாள். வாடகை வானும், ஓட்டோவும், மண்டபமும் விலை ஏறும். வீடு திருத்த மேசன் தேடுகிறவர்கள் செப்டெம்பர்வரை பொறுங்கள்.

மடுமாதா திருவிழா ஓகஸ்ட் 15. கொடி 6ஆம் திகதியே ஏறிவிடும். ஜூலை 2இலும் ஒரு திருவிழா உண்டு, கூட்டம் சற்றுக் குறைவு. நாட்டின் எல்லாப் பக்கத்திலிருந்தும் தமிழரும் சிங்களவரும், கத்தோலிக்கரும் அல்லாதோரும் வந்து, காட்டு மரங்களுக்குக் கீழே கூடாரம் அடித்துக் கிழமைக்கணக்கில் தங்குவார்கள். 2008 ஏப்ரலில் சண்டை நெருங்கியபோது மாதாவின் சொரூபத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோய், ஓகஸ்டில் திரும்பக் கொண்டுவந்தார்கள். 2015 ஜனவரியில் பாப்பரசர் பிரான்சிஸ் வந்ததும் இங்கேதான். தலைமன்னார் ரயிலில் மடு வீதி நிலையத்தில் இறங்கலாம். குடிவகை கொண்டுபோக வேண்டாம்.

ஓகஸ்ட் 25இல் பண்டாரவன்னியன் நினைவு நாள். 1803இல் முல்லைத்தீவில் வெள்ளையரின் கோட்டையை அடித்து எடுத்தவன் அவன். வவுனியாவில் சிலைக்கு மாலை போடுவார்கள். கற்சிலைமடுவில் அவன் தோற்ற இடத்து நினைவுக்கல்லும் இருக்கிறது.

நோன்புப் பெருநாளும் ஹஜ்ஜுப் பெருநாளும் ஒவ்வொரு வருடமும் முன்னே நகர்ந்துகொண்டே போகும். கொழும்புப் பெரிய பள்ளிவாசலில் பிறை அறிவித்த பிறகுதான் நோன்புப் பெருநாள் உறுதி. வவுனியாவிலும் மன்னாரிலும் முல்லைத்தீவிலும் முஸ்லிம் நண்பர்கள் இருந்தால் வட்டிலப்பம் உங்களைத் தேடி வரும்.

மழை மாதங்கள்

ஒக்டோபரில் மழை பிடித்தால் நல்ல குடையும், கால் நனைந்தாலும் பரவாயில்லை என்கிற செருப்பும் வேண்டும். நவராத்திரியில் வங்கி, பாடசாலை, ஆஸ்பத்திரி எங்கும் வாணி விழா. புதிதாக வந்தவருக்கு அன்று பொங்கல் காய்ச்சுகிற வேலையோ தோரணம் கட்டுகிற வேலையோ கட்டாயம் விழும், மறுக்காமல் செய்யுங்கள், அந்த ஒரு நாளில் கந்தோரில் எல்லாரோடும் பழகிவிடலாம். விஜயதசமிக்கு லீவு இல்லை, ஆனாலும் மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு அன்றுதான் ஏடு தொடக்குவார்கள்.

தீபாவளி பெரும்பாலும் மழையில்தான் வரும். விடிய எண்ணெய் முழுக்கு, கோயில், புதுச்சட்டை. பிறகு பங்கு இறைச்சி. நாலைந்து வீட்டார் சேர்ந்து ஓர் ஆட்டை வாங்கி, அடித்து, பங்கு போடுவார்கள். உங்களுக்கும் வேண்டுமென்றால் ஒரு கிழமைக்கு முன் சொல்லி வையுங்கள். ஆனால் கேதார கௌரி விரதம் பிடிக்கிறவர்கள் வீட்டில் அன்று மச்சம் இல்லை. கையில் புதுக் காப்புக் கட்டியவரிடம் பங்கு பற்றிக் கேட்காதீர்கள். அடுத்து வருவது கந்தசஷ்டி, ஆறாம் நாள் சூரன் போர்.

நவம்பரில் வேலியெல்லாம் கார்த்திகைப்பூ. 27ஆம் திகதி மாவீரர் நாள். அதற்கு முந்திய கிழமையே, போரில் இறந்த புலிப் போராளிகளைப் புதைத்த துயிலுமில்லங்களைத் துப்புரவு செய்வதும், வீதிகளில் சிவப்பு மஞ்சள் கொடி கட்டுவதும் தொடங்கும். கனகபுரம், தேராவில், முள்ளியவளை போன்ற இடங்களில் மாலை 6.05க்கு மணி ஒலித்து, பெற்றோர் சுடரேற்றுவார்கள். சில வருடங்களில் கெடுபிடி இருந்திருக்கிறது, சில வருடங்களில் தளர்வு. அரச வேலையில் இருக்கிறவர் எப்படி நடப்பது என்பதை உங்களோடு வேலை செய்கிறவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அன்று பின்னேரம் பயணத்தை மட்டும் நாலு மணிக்குள் முடித்துவிடுங்கள், பஸ் குறைந்துவிடும்.

கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி விளக்கீடு. இருண்டதும் வாசலில் வாழைக்குற்றி நட்டு விளக்கு வைப்பார்கள், தடியில் துணி சுற்றி எண்ணெயில் தோய்த்த பந்தங்களை வளவைச் சுற்றிக் குத்துவார்கள். மழை விட்டுக் கொடுத்தால் வயற்கரை முழுக்க நெருப்புப் புள்ளிகள். பந்தம் சுற்றப் பழைய சாரமொன்றை எறியாமல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நத்தார் மாதத்தில் கரோல் பாடகர்கள் வருவார்கள். மறுநாள், டிசம்பர் 26இல், முல்லைத்தீவுக் கரையோரத்தில் விருந்து எதிர்பார்க்காதீர்கள். 2004இல் சுனாமி அலை வந்தபோது அது ஞாயிறும் போயாவும் சேர்ந்த நாள், ஆட்கள் வீட்டில் இருந்த நாள்.

கடைசியாக மார்கழித் திருவெம்பாவை. பத்து நாள், விடிய நாலு மணிக்கெல்லாம் கோயில் ஒலிபெருக்கி எழுப்பிவிடும். ஒழுங்கையில் சங்கும் சேமக்கலமுமாகப் பாடிக்கொண்டு பிள்ளைகள் வருவார்கள், மழைச் சேற்றில் வெறுங்காலோடு. படலையடியில் ஒரு குத்துவிளக்கும், குடத்தில் தண்ணீரும், ஒரு கேத்தல் இஞ்சிப் பிளேன்ரீயும் வைத்துக்கொண்டு நில்லுங்கள். குறைந்தது பன்னிரண்டு கோப்பை வேண்டும். நான் முதல் வருடம் நாலு கோப்பையோடு நின்றேன்.